நானூற்றுப் பதினெட்டாம் இலக்கம்

மாங்குளம் சந்தியில்
மோட்டார் சைக்கிள் உதிரிப்பாகக் கடைக்கு மேலே என் அறை.
இரவு ஒன்பதே காலுக்கு அழைப்பு.
பனிக்கன்குளத்திலிருந்து யோகமலர்,
மகளிர் கடன் சங்கத்தில்
நானூற்றுப் பதினேழாம் அங்கத்தவர்.

"தம்பி, சின்னவன் போனில என்ர கணக்கைப் பாத்துக்கொண்டிருந்தவன்.
மேல கிடந்த இலக்கத்தில
ஏழை அழிச்சு எட்டைப் போட்டிட்டான்.
பக்கத்து வளவு வந்திட்டுது."

பக்கத்து வளவு என்றால் நிர்மலகாந்தி.
எடுத்தது எழுபத்தையாயிரம்,
நிற்பது நாற்பத்து மூன்று,
மூன்று தவணை பிந்தி.
அடகில் தாலிக்கொடி, எத்தனை பவுண் என்பது வரை.

"நான் வேணுமெண்டு பாக்கேல்லை" என்றா.
"வேலிக்கு மேலால எட்டிப் பாத்தமாதிரிக் கிடக்கு.
அவவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ."

நான் எழுதிய பைதான்.
அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.
மன்னாரிலிருந்து ஒரு மருமகள்
டி'குரூஸ் என்ற பெயரோடு வந்து சேர்ந்த அன்று
அந்த ஒற்றைக் குறி தடுக்கி
வினவல் முழுவதும் உடைந்து விழுந்தது.
அன்றோடு சொற்களை ஒட்டித் தைப்பதை விட்டேன்.
கட்டளையை வேறாக, பெயரை வேறாகக் கொடுத்தேன்;
பெயர்ப் பெட்டியில் எவர் என்ன எழுதினாலும்
பெயராகவே போய்ச் சேரும்.
கடவுச்சொற்களை உப்புப் போட்டு ஹாஷ் செய்தேன்.
படிவத்துக்குப் படிவம் டோக்கன்.
டிபக்கை அணைத்தேன்.
(ஒருதரம் மறந்தேன், இரண்டு நாள்.
அதை இங்கே மட்டும் சொல்கிறேன்.)

வாசலிலும் நன்றாகத்தான் கேட்டிருந்தேன்:
நீ யார்?
அடையாள இலக்கம், கடவுச்சொல்,
கைபேசிக்கு வரும் ஆறு எண்.
ஏ-ஒன்பது வீதியில் வளர்ந்தவனுக்கு
அந்தக் கேள்வி தானாகவே வரும்.
பஸ்ஸால் இறங்கி, பையைத் திறந்து,
அட்டையைத் தூக்கிப் பிடித்துப் பிடித்து
எங்களுக்குக் கை உளைந்த கேள்வி.

இது உன்னுடையதா?
அதை நான் கேட்க மறந்தேன்.
முட்கம்பி போட்ட நாளில்
எங்கள் காணியிலும் எவரும் கேட்கவில்லை.

இரண்டு வரிதான் திருத்தம்.
இலக்கத்தை வைத்துக் கடனைத் தேடாதே,
வந்தவரின் கடன்களுக்குள் இலக்கத்தைத் தேடு.
இரண்டு வரி, இருபத்தாறு இடத்தில்.
பதினொன்றரைக்கு மின்சாரம் போனது.
மடிக்கணினியில் நாற்பது வீதம்.

பிறகு ஒரு வசனத்தில் வந்து நின்றேன்.
பிறர் கணக்கைத் திறக்கிறவருக்கு என்ன பதில்?
அனுமதி இல்லை என்றால்
உள்ளே ஒன்று இருப்பதைக் காட்டிக்கொடுத்துவிடும்.
நானூற்று நான்கைத் திருப்பு என்கிறது முறை:
அப்படியொரு பதிவு இல்லை.

விரல் போகவில்லை.
அண்ணையின் படத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு
அம்மா ஏறி இறங்கிய மேசைகளில்
அதே வசனம்தான் கொடுத்தார்கள்.
மூன்று மொழியிலும் எழுதித் தந்த ஒரு கடிதம்
இன்னும் அலுமாரியில் கிடக்கிறது.

பதினெட்டு வீதம்.
நானூற்று நான்கை அப்படியே விட்டேன்.
வசனத்தை அழித்து எழுதினேன்:
உங்கள் கணக்கில் இது இல்லை.
பொய்யில்லாத அளவுக்கு அதுதான் வந்தது.

லொக்கைத் திறந்து பார்த்தேன்.
நானூற்றுப் பதினெட்டை வேறொருவர் திறந்தது ஒருதரம்,
இரவு எட்டு ஐம்பத்திரண்டு, சின்னவனின் விரல்.
பதினான்கு நாளுக்கு முந்தியது
என்னிடம் இல்லை.

காலையில் நிர்மலகாந்திக்கு அழைத்தேன்.
உங்கள் கணக்கை ஒருவர் பார்க்க நேர்ந்தது,
பிழை என்னுடையது, இப்போது அடைத்துவிட்டேன் என்றேன்.
"ஆர்?"
பெயர் சொல்லவில்லை.
பின்னால் கோழியொன்று கத்தியது. வாளி ஒன்று வைக்கும் சத்தம்.

"இரவோட இரவா மாத்தலாமெண்டால், தம்பி,
அந்தத் தவணைத் திகதியையும்
கொஞ்சம் தள்ளிப் போடேலாதோ?"